இளம் பாடகர்கள்: கொண்டாடுவதும் ஏளனம் செய்வதும் ஏன்?



அண்மையில் பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தாயார் தம் மகளின் புத்தகப் பையைத் திறந்து என் மேசைமீது கொட்டினார். கொரியப் பாடகர்களின் படங்கள், ஒட்டுவில்லைகள், உறையிலிட்ட சிறு அட்டைகள். "ஐயா, இவங்க ஒவ்வொருத்தர் பிறந்தநாளும் இவளுக்குத் தெரியும். சொந்தத் தாத்தா பிறந்தநாள் தெரியாது. நீங்களாவது கண்டிச்சுச் சொல்லுங்க" என்றார். அம்மாணவி தலைகுனிந்து நின்றாள். நான் கண்டிக்கவில்லை. கண்டிக்கும் தகுதியை நான் ஏன் இழந்தேன் என்பதை இறுதியில் கூறுகிறேன்.

பதின்ம வயதுப் பாடகர்களை ஒரு கூட்டம் தலைமேல் வைத்துக் கொண்டாடுவதும், மற்றொரு கூட்டம் எள்ளி நகையாடுவதும் இன்று தோன்றிய பழக்கமல்ல. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' குழுவினரும் நம் சிங்கப்பூருக்கு வந்து 'ஹேப்பி வோர்ல்ட்' அரங்கில் பாடினர். அதைத் தொடர்ந்து ஊரெங்கும் கித்தார் ஏந்திய இளையர் குழுக்கள் பெருகின. குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய 'தி குவெஸ்ட்ஸ்' அவற்றுள் ஒன்று. 1964இல் அவர்களுடைய 'ஷான்ட்டி' என்னும் இசைத்தட்டு, பீட்டில்ஸ் பாடலையே பின்னுக்குத் தள்ளி உள்ளூர் வரிசையில் முதலிடம் பிடித்தது. நம் பள்ளிப் பிள்ளைகளின் சாதனை அது!

ஆனால் அதே காலத்தில் அவ்விசை 'மஞ்சள் பண்பாடு' என்று பழிக்கப்பட்டது. எழுபதுகளில் நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியாகவே சேவை வழங்கப்படும் என்று அலுவலகங்களில் அறிவிப்புத் தொங்கியது. 1972இல் 'லெட் செப்பலின்' குழுவினரின் நிகழ்ச்சி அவர்களுடைய முடியின் காரணமாகவே நடைபெறாமற் போயிற்று. இன்றோ அந்த அறுபதுகளின் இசைக்குழுக்களை நம் தேசிய நூலகம் மரபுச் செல்வமாகப் போற்றி ஆவணப்படுத்துகிறது. அன்று ஏசியோரின் பேரப்பிள்ளைகள் அதைப் படித்துப் பெருமைப்படுகின்றனர்.

தமிழர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யை நிறுவினார். சிறுவர்களே பாடி நடித்த அத்தகைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களுக்கு மக்கள் திரண்டனர். அதே மக்கள், நாடகக்காரனைக் 'கூத்தாடி' என்று இகழவும் செய்தனர். இரவில் கைதட்டிய கைகளே பகலில் திண்ணையில் இடம் மறுத்தன.

பி.யு. சின்னப்பாவின் வாழ்க்கை நமக்கொரு பாடம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவராகப் புகழின் உச்சியில் இருந்தவருக்கு மகரக்கட்டு வந்தது; குரல் உடைந்தது. பாட்டுக்காகவே கொண்டாடப்பட்டவர் பாட்டு போனபின் என்ன செய்வார்? கம்பெனியை விட்டு விலகினார். மல்யுத்தமும் சிலம்பமும் பழகினார். இசையை மீண்டும் முறையாகப் பயின்றார். 1940இல் 'உத்தமபுத்திரன்' படத்தின்வழி மீண்டும் மக்கள் மனத்தில் இடம்பிடித்தார். அவர் மீண்டார். மீளாதோர் எத்தனை பேரோ, யார் கணக்கு வைத்தார்?

இனி, காரணங்களுக்கு வருவோம். இளையர் ஏன் இவ்வளவு பற்று வைக்கின்றனர்? தம் வயதொத்த ஒருவர், தம்மால் இயலாத ஒன்றைப் பலர் முன்னிலையில் அஞ்சாமல் செய்கிறார் என்பதே முதற்காரணம். பி.டி.எஸ். குழுவின் இளையவரான ஜங்குக், 2013இல் அரங்கேறியபோது அவருக்கு வயது 15. உயர்நிலை மூன்றில் அமர்ந்து, எழுந்து வாசிக்கவே கூசும் பிள்ளைக்கு அது எத்தனை பெரிய செய்தி! மேலும், முழுமை பெற்ற மேதையை நாம் வியக்கத்தான் முடியும். வளரும் பிள்ளையைத்தான் "எங்களவர்" என்று உரிமை கொண்டாட முடியும். 2019 ஜனவரியில் அக்குழுவினர் நம் தேசிய விளையாட்டரங்கில் பாடியபோது திரண்ட கூட்டம் பாட்டைக் கேட்க மட்டும் வந்த கூட்டமன்று. தன்னைப்போல் பிறரும் உளர் என்று காணவந்த கூட்டமும்கூட.

ஏளனத்திற்குக் காரணங்கள் மூன்று என்பது என் கருத்து. முதலாவது, உழைக்காமல் வந்த புகழ் என்னும் எண்ணம். புகைபோட்டுப் பழுக்கவைத்த பழம் என்று நாம் முகஞ்சுளிக்கிறோம். இரண்டாவது, இரசிகர் யார் என்பது. பெண்பிள்ளைகள் விரும்பும் எதையும் மலிவானது எனக் கருதும் வழக்கம் நம்மிடம் உண்டு. காற்பந்தில் தம் அணி தோற்றதற்குக் கண்ணீர் விடும் ஆண்மகனை விசுவாசி என்போம். பாட்டுக் கேட்டுக் கண்ணீர் விடும் சிறுமியைப் பைத்தியம் என்போம். மூன்றாவதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறேன். நேற்றுவரை இரசித்தவனே இன்று உரக்கச் சிரிக்கிறான். தான் வளர்ந்துவிட்டதாகக் காட்ட அவனுக்கு அதைவிட எளிய வழி இல்லை. 15 வயதில் ஜஸ்டின் பீபர் வெளியிட்ட 'பேபி' என்னும் பாடல், ஒரு காலத்தில் யூடியூபில் மிக அதிகம் பார்க்கப்பட்டதாகவும், பின்னர் மிக அதிகம் வெறுக்கப்பட்டதாகவும் இருந்தது.

நம் வீட்டுக் கூடத்தில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2015 பிப்ரவரியில் 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' நான்காம் பருவத்தின் இறுதிச் சுற்றில் ஸ்பூர்த்தி முதலிடமும், கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா இரண்டாமிடமும் பெற்றனர். ஜெசிக்காவுக்குக் கடல்கடந்த தமிழர்கள் காட்டிய அன்பு பேரலையாக எழுந்தது. 'இது குரலுக்கு விழுந்த வாக்கா, உணர்ச்சிக்கு விழுந்த வாக்கா?' என்ற கேலியும் உடன் எழுந்தது. பரிசாகக் கிடைத்த தங்கத்தை ஆதரவற்ற சிறார்களுக்கு வழங்குவதாக அறிவிக்கப்பட்டபோது, அதையும் வாழ்த்தியோர் உண்டு; ஐயுற்றோரும் உண்டு. கொண்டாடியோரும் பழித்தோரும் தத்தம் மனத்தில் இருந்ததையே அச்சிறுமிமீது ஏற்றிப் பார்த்தனர். இரண்டையும் தாங்கவேண்டியது ஒரு பள்ளிப்பிள்ளையின் தோள்!

குறை கூறுவதற்கு இடமே இல்லையா? உண்டு. பிள்ளையின் குரலை வைத்து நடக்கும் வாணிகம், கண்ணீரை நெருக்கத்தில் காட்டும் ஒளிப்பதிவு, ஒரே பாட்டைப் பல உறைகளில் விற்கும் தந்திரம் ஆகியவற்றைக் குறை கூறுவோம். நம் சினம் அம்பை விட்டு எய்தவரைச் சேரட்டும்.

இப்போது என் கதை. சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டுரை ஏட்டின் ஓரமெங்கும் கொரிய எழுத்துகளை எழுதி வைத்திருந்தாள். "தமிழில் 'ற'வுக்கும் 'ர'வுக்கும் வேறுபாடு தெரியாதவளுக்குக் கொரிய மொழி கேட்கிறதோ?" என்று வகுப்பின் நடுவே கேட்டேன். எல்லாரும் சிரித்தனர். அவளும் சிரித்தாள். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவள் என் வகுப்பில் வாய்திறந்து வாசிக்கவில்லை. எவரும் கட்டாயப்படுத்தாமல், தான் விரும்பிய பாட்டுக்காகத் தானே ஒரு மொழியைக் கற்றுக்கொண்ட பிள்ளை அவள். மொழியாசிரியனாகிய நான் கொண்டாடியிருக்க வேண்டியதை ஏளனம் செய்தேன்.

ஆகவே, அன்று அத்தாயாரிடம் நான் வேறொன்றைச் செய்தேன். மேசைமீது கிடந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, "இவர் யாரம்மா? தமிழில் சொல், கேட்போம்" என்றேன். தயங்கித் தொடங்கியவள் நான்கைந்து நிமிடம் நிறுத்தவில்லை. பிழைகள் இருந்தன, நான் திருத்தவில்லை. முடிவில் அவளே கேட்டாள்: "ஐயா, கொரியாவிலயும் 'அப்பா'ன்னுதான் கூப்பிடறாங்க. அது எப்படி?" தற்செயல் ஒற்றுமையாகவும் இருக்கலாம், தேடிப் பார்ப்போம் என்றேன். தாயார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுல இவ்வளவு தமிழ் பேசினதே இல்ல ஐயா" என்றார் மெல்ல.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு பாடகரைப் பற்றிக் கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள். தாத்தாவின் பிறந்தநாளை அடுத்த வாரம் சொல்லிக் கொடுக்கலாம்.

அன்புடன், உங்கள் தமிழாசிரியன்.