உப்பளம் உரைக்கும் உண்மை

வணிகன் முன்னே வருவான். படை பின்னே வரும். இறுதியில் சட்டம் வந்து, கொள்ளையை உரிமை என்று எழுதி வைக்கும். வளம் மிகுந்த எளிய நாடுகளின் வரலாறு இதுவே. இதனை அறியத் தமிழர் கடல் கடக்க வேண்டுவதில்லை. வேதாரண்யம் என்று பெயர் திரிக்கப்பட்ட திருமறைக்காட்டின் உப்பளங்களே சான்று கூறும்.

வணிகம் செய்ய வந்த கிழக்கிந்தியக் குழுமம், 1773இல் ஆர்க்காட்டு நவாபுக்குத் துணையாகப் படை நடத்தித் தஞ்சையை வீழ்த்தியது. 1799இல் ஓர் உடன்படிக்கைத் தாளால் தஞ்சையின் ஆட்சியையே பெற்றது. ஆறே ஆண்டுகளில், 1805இல், சென்னை ஆட்சிப் பகுதியின் உப்பு அதன் தனியுரிமை ஆயிற்று. கடலும் வெயிலும் தந்த உப்பைக் கடற்கரையில் பிறந்தவன் அள்ளினால் குற்றம்!

1930 ஏப்பிரல் 13இல் இராசாசி தலைமையில் திருச்சியினின்று புறப்பட்டோர், 30ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் அந்தக் 'குற்றத்தை'ச் செய்தனர். வழியில் அவர்களுக்குச் சோறிடுவோரையும் ஒறுப்பதாக மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். விருந்தோம்பலும் குற்றமாயிற்று! ஆயினும் சோழநாடு சோறிட்டது.

பிற நாடுகளிலும் இதே சூழ்ச்சிதான். தன் எண்ணெயை 1951இல் நாட்டுடைமை ஆக்கிய ஈரானின் மொசாதேக், 1953இல் பிரித்தானிய, அமெரிக்க உளவமைப்புகளால் கவிழ்க்கப்பட்டார். 1960இல் விடுதலை பெற்ற காங்கோவினின்று, செம்பு விளையும் கட்டாங்கா பெல்சியப் படையின் துணையோடு பிரிக்கப்பட்டது. அங்கே சுரங்கக் குழுமமே பொருள் வழங்கிற்று. 1961 சனவரியில் தலைமையமைச்சர் உலுமும்பா கொல்லப்பட்டார்.

வெள்ளையன் போனான், தாள் போயிற்றா? அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 53ஆவதாக எண்ணெய் வயல் நிற்கிறது. 58ஆவதாக உப்பு நிற்கிறது. நிலம் தமிழனுடையது, கையெழுத்து தில்லியுடையது! அதனாலன்றோ 2010இல் மன்னார்குடி வட்டாரத்தின் 691 சதுரக் கிலோமீட்டர், இலண்டன் பங்குச் சந்தையில் முதல் திரட்டிய குழுமத்திடம் மீத்தேனுக்காக ஒப்படைக்கப்பட்டது? உழவர் போராடி அதனைத் தடுத்தனர். 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, கேள்வி கேட்ட மக்களை நோக்கி வந்தது காவற்படையே.

2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது; முன்னரே இயங்குவனவற்றைத் தொடவில்லை. பாதி கதவைச் சாத்தியவன் வீட்டைக் காத்தவன் ஆவானா?

மண்ணின் மக்கள் இசையாமல் மண்ணின்மேல் எக்கையெழுத்தும் செல்லாது என்பது சட்டமாக வேண்டும். அன்று உப்பை அள்ளிய கைகள், இன்று அவ்வுரிமையை அள்ளட்டும்!