வண்டியும் நாமும்: தாழ்த்தலாம், வெட்டலாமா?



ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்த நம் அம்மாக்களையும் பாட்டிமார்களையும் நினைத்துப் பாருங்கள். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் பால் வாளி. அவர்கள் நடக்க நடக்கக் கம்பு வளைந்து வளைந்து நிமிரும். பாலும் சிந்தாது, தோளும் தாங்கும். ஜார்ஜ் டவுன் வீதிகளில் அந்நாளில் சோற்றையும் கறியையும் தோளில் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம் அன்பர்களும் அதே கம்பைத்தான் நம்பினார்கள். நாசி கண்டார் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்தக் கம்பை வெட்டிக் குட்டையாக்கினால் என்ன ஆகும்? வளையாது, அடிக்கு அடி தோளில் இடிக்கும்.

உங்கள் காரின் ஸ்பிரிங்கும் ஒரு காண்டாக் கம்புதான். இதை ஏன் சொல்ல வருகிறேன் என்றால், அப்பா காலத்து டாட்சன் 120ஒய், கொரோலா டிஎக்ஸ், 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற பழைய கார்களைத் தேய்த்து மெருகேற்றி வைத்திருக்கும் தம்பிமார்கள் பலர் இன்று நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஓர் ஆசை: கார் தரையோடு தாழ்ந்து நிற்க வேண்டும். ஆசையில் தவறில்லை. கார் தாழ்ந்தால் அதன் எடையும் கீழே இறங்கும். வளைவில் சாய்வது குறையும். ஆனால் வழி முக்கியம்.

என் அக்காள் மகன் ஒரு குறுக்கு வழியைப் பிடித்தான். ஒரு பட்டறையில் முன் ஸ்பிரிங்குகளில் ஆளுக்கு ஒரு சுற்றை அறுத்துவிட்டான். செலவு சொற்பம், கார் பார்க்க அழகு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரக் குடும்பத்தில் ஐந்து பேர் ஏறினார்கள். தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டுவதற்குள் நாலு இடத்தில் அடி இடித்தது. ஒரு கால்வாய் ஓரத்தில் முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கியது. அந்த நொடியில் குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து, தன் இருப்பிடத்தை விட்டு நகர்ந்து, கோணலாக உட்கார்ந்துகொண்டது. கார் மெதுவாகப் போனதால் யாருக்கும் ஒன்றுமில்லை. பினாங்குப் பாலத்தில் வேகமாகப் போகும்போது நடந்திருந்தால்? அதை நினைத்தால் இன்றும் அக்காளுக்கு நெஞ்சு படபடக்கும்.

ஏன் இப்படி ஆயிற்று? ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்றுகள் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுமைக்கு 8 சுற்றும் சேர்ந்து 8 மில்லிமீட்டர் அமுங்கினால், ஒன்றை அறுத்த பின் 7 சுற்று 7 மில்லிமீட்டர்தான் அமுங்கும். அதாவது விறைப்பு சுமார் 14 விழுக்காடு கூடுகிறது. சரி, கார் 30 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டது. முன்பு சக்கரம் மேலே ஏறி ரப்பர் கட்டையில் இடிக்க 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்றால், இப்போது மிஞ்சியது 50 தான். அந்தக் குறைந்த இடத்துக்குள் அதே சுமையைத் தாங்க ஸ்பிரிங் 60 விழுக்காடு விறைப்பாக இருக்க வேண்டும். அறுத்ததில் கிடைத்ததோ 14. மிச்சத்தை யார் தாங்குவது? ரப்பர் கட்டையும், காரின் உடம்பும், பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் இடுப்பும்தான்!

60 விழுக்காடு விறைப்பான ஸ்பிரிங் போட்டாலும் பாட்டிக்கு நிம்மதி இல்லை. கார் மாட்டு வண்டியாகக் குலுக்கும். ஆகவே தாழ்த்தும் அளவைக் குறைப்பதே புத்தி. 20 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தினால் 60 மில்லிமீட்டர் இடம் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு விறைப்பு கூடினால் போதும். கம்பியின் கனம் 12 மில்லிமீட்டரிலிருந்து 13 ஆனாலே விறைப்பு ஏறக்குறைய 38 விழுக்காடு கூடிவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டர்! அதனால்தான் ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது என்கிறேன். உங்கள் காருக்கென்றே செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும் ஸ்பிரிங் குடும்பக் காருக்கு நல்லது. முதலில் மெதுவாக அமுங்கும், சுமை ஏற ஏற விறைக்கும்.

சிலர் ஸ்பிரிங்கை நெருப்பில் காய்ச்சித் தாழ்த்துகிறார்கள். அது அறுப்பதைவிடக் கேடு. எஃகின் பதமே போய்விடும். பிறகு அது தானாகவே அமுங்கிக்கொண்டு போகும், ஒருநாள் ஒடிந்தும் போகலாம்.

டாட்சன் 120ஒய் போன்ற கார்களுக்குப் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். அதற்கு இடையில் ஒரு கட்டை வைத்துத் தாழ்த்தும் வழக்கம் உண்டு. அளவோடு, சரியான போல்ட்டோடு செய்தால் தகும். ஆனால் ஸ்டீரிங் திருப்பும் முன் அச்சுக்குக் கட்டை வைக்கவே கூடாது.

அமெரிக்காவின் பழைய முரட்டுக் கார்களைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1965-இல் கரோல் ஷெல்பி என்ற பந்தய வீரர் ஃபோர்டு மஸ்டாங் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்தபோது, ஸ்பிரிங்கோடு நிறுத்தவில்லை. முன் சக்கரத்தின் மேல் கையைப் பிடித்திருக்கும் இடத்தையே ஓர் அங்குலம் கீழே இறக்கினார். வளைவில் டயர் தரையைச் சரியாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். வல்லவர்கள் உயரத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தின் சாய்மானத்தைப் பார்த்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் சமதரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆள் ஏறிய பின் மறுபடி அளங்கள். நான்கு ஸ்பிரிங்கையும் ஒரே தொகுதியாக வாங்குங்கள். அதற்கு ஏற்ற ஷாக் அப்சர்பரும் சேர்த்தே மாற்றுங்கள். சுருங்கிய ஸ்பிரிங் பாய்ந்தால் ஆளையே கொல்லும், ஆகவே வீட்டு வாசலில் கழற்ற வேண்டாம். மாட்டிய பின் அலைன்மென்ட் பாருங்கள், இல்லையேல் டயரின் உள்பக்கம் சீக்கிரம் தேய்ந்துவிடும். விளக்கின் ஒளி விழும் இடத்தையும் சரிபாருங்கள்.

இன்னும் இரண்டு சொல். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி அனுமதியின்றி வாகன அமைப்பை மாற்றுவது குற்றம். ஜேபிஜே அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தையும் மறக்காதீர்கள். தாழ்ந்த காருக்குள்தான் தண்ணீர் முதலில் நுழையும்.

பணம் போதவில்லையா? பொறுத்திருங்கள், தம்பி. பதறாத காரியம் சிதறாது. உயரமாக நிற்கும் கார் யாருக்கும் கேடு செய்யாது. அது அப்பா வியர்வை சிந்தி வாங்கியது. அதில் ஏறப்போவது உங்கள் அம்மா.

அடுத்த இதழில் டயர் தேய்மானத்தைப் பார்த்தே காரின் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம்.