ஸ்பானர் தேவைக்கு மட்டும்தானா?

பளையில் பெரியம்மா வீட்டுக்குப் பின்னால், தென்னங்காணிக்குள் ஒரு கொட்டில் இருக்கிறது. மேலே தகரம், மூன்று பக்கம் கிடுகு. உள்ளே ஒரு ஒஸ்ரின் ஏ40 சமர்செற் காரின் சேசிஸ் நாலு சீமெந்துக் கல்லுக்கு மேல் நிற்கிறது. பொடி இல்லை, கதவு இல்லை, மட்கார்ட் இல்லை. முன்னுக்கு இஞ்சின், பின்னுக்கு ஸ்பிறிங் பட்டை, நடுவில் குறுக்கே ஒரு பலகை. பின்னேரங்களில் அண்ணன் அந்தப் பலகையில் ஏறி இருந்து, ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு காலை எங்கே நீட்டுவது, இருக்கையை எவ்வளவு பதிப்பது என்று அளந்துகொண்டிருப்பார். அவர் கட்டுவது ஒரு றோட்ஸ்ரர். கூரையும் பக்கக் கண்ணாடியும் இல்லாத, ரெண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய திறந்த கார். அதிலும் பழைய மாதிரி ஹொட் றொட்.

ஊரில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "உதால என்ன வரும்படி?" பெரியம்மா கேட்கிறா. பக்கத்துக் காணிக்காரர் கேட்கிறார். மாதத்துக்கு ஒருக்கா லாண்ட்மாஸ்டரில் வாற பழைய இரும்புக்காரர் கேள்வி கேட்பதில்லை, நேரடியாகக் கிலோ விலை சொல்லுகிறார். என்னோடு படித்த ஒருத்தன், கொழும்பில் நல்ல வேலையில் இருப்பவன், படத்தைப் பார்த்துவிட்டு எழுதினான்: "மச்சான், சனம் வீடு கட்டக் காசில்லாமல் நிக்குது, கொண்ணர் அமெரிக்காக்காரன்ர விளையாட்டு விளையாடுறார்."

இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். கொஞ்சம் நீளும்.

முதலில் இது என்ன அமெரிக்க விளையாட்டு என்று பார்ப்போம். 1930களில் கலிபோர்னியாவில் காசில்லாத பெடியள் பழைய ஃபோர்ட் கார்களை சில டொலருக்கு வாங்கினார்கள். 1908 முதல் 1927 வரை வந்த மொடல் ரி, 1928 முதல் 1931 வரை வந்த மொடல் ஏ. பாரம் குறையட்டும் என்று மட்கார்ட், முன்கண்ணாடி எல்லாம் கழட்டினார்கள். இஞ்சினை நோண்டினார்கள். மியூறொக், எல் மிறாஜ் என்ற வறண்ட ஏரித் தரைகளில் கொண்டுபோய் ஓடவிட்டார்கள். 1932இல் ஃபோர்ட் மலிவான காரிலேயே 65 குதிரைவலு வி8 இஞ்சினைப் போட்டது; பிறகு அந்த இஞ்சினைக் கழட்டிப் பழைய காருக்குள் ஏற்றுவதே கலையானது. பளபளக்கும் குரோமும் நெருப்புச் சுவாலைப் பெயின்ற்றும்தான் ஹொட் றொட் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அதன் பிறப்பு பழைய இரும்புக் கடையில்.

உண்மையில் அது பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. போரில் வெல்டிங்கும் கடைச்சலும் இஞ்சின் வேலையும் பழகிய இளைஞர்கள் வீடு திரும்பினார்கள். கையில் தொழில் இருந்தது, சந்தையில் போர் மிச்சப் பொருட்கள் கிடந்தன. 1946இல் பில் பேர்க் என்பவர் போர் விமானத்துக்கு வெளியே தொங்கும் எரிபொருள் தாங்கி ஒன்றை எடுத்து, அதற்குள் இஞ்சினை வைத்து ரேஸ் கார் செய்தார். குண்டு போட எண்ணெய் சுமந்த தகரம், ஏரித் தரையில் ஓடும் விளையாட்டு வண்டியானது.

இனி எங்கட கதை. 1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்க, வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து வந்தது. 2002 வரை வன்னி ஓடியது அதில்தான். பெரியப்பா அந்தக் காலம் முழுக்கக் கராஜ் வைத்திருந்தவர். மண்ணெண்ணெயில் காரை எப்படி ஓட்டுவது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே இஞ்சினைத் தொடங்க ரெண்டு சொட்டுப் பெற்றோல் வேணும். ஒரு சின்னப் போத்தல், ஒரு ரியூப், கார்பரேற்றர் வாயில் சொட்டுச் சொட்டாக. இஞ்சின் பிடித்துச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். சைலன்சர் பக்கத்துச் சூட்டை உள்ளே போகும் காற்றுக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுவருகிறாயோ அவ்வளவுக்குப் புகை குறையும். அழுத்தம் கூடின இஞ்சினில் மண்ணெண்ணெய் விட்டால் 'டக் டக்' என்று அடிக்கும். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழசுகளின் அழுத்த விகிதம் 7க்குப் பக்கம் அல்லது அதற்கும் கீழே, அதனால் அவை தாங்கின. புதுக் கார்கள் கொட்டிலுக்குள் முடங்க, தாத்தாக்களின் கார் றோட்டில் ஓடியதன் இரகசியம் இவ்வளவுதான். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், ஆகவே ஒயில் சீக்கிரம் மாற்ற வேணும், ஒயிலும் இல்லை. பிளக்கில் கரி கட்டும். புதுப் பிளக்கும் இல்லை. சுரண்டிச் சுரண்டிப் போடு.

இது ஏதோ தமிழனுக்கு மட்டும் தோன்றிய மாயமும் இல்லை. பிரித்தானியாவில் ஃபேர்கசன் ரி.ஈ.20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் மாதிரியான மலிவு எண்ணெய்க்கு மாறும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. அங்கே அதற்கு வரைபடமும் கைநூலும் இருந்தது. எங்கட ஆக்களுக்கு இருந்தது ஒரு போத்தலும் ஒரு ரியூபும்.

கலிபோர்னியாப் பெடியன் செய்ததை எல்லாம் வன்னிக் கராஜ்காரன் செய்தான். இல்லாத பாகத்தை வேறொரு வண்டியில் இருந்து எடுத்துப் பொருத்தினான். தகரம் தட்டினான். யாழ்தேவி ஓடின தண்டவாளம் பங்கருக்குக் கூரையான காலம் அது. எதையும் வேறொன்றாகப் பார்க்கிற கண் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் ஒரே ஒரு வித்தியாசம். அவன் ஆசைக்குச் செய்தான், நாங்கள் கட்டாயத்துக்குச் செய்தம். நோயாளியைக் கொண்டுபோக, நெல்லு ஏற்ற, இடம்பெயர, கிளாலி கடக்க. பெரியப்பாவிடம் ஒருக்கா கேட்டேன், உங்களுக்கெண்டு ஒரு கார் செய்ய விருப்பம் வரேல்லையோ எண்டு. சிரித்துவிட்டுச் சொன்னார்: "விருப்பமோ? அதுக்கு ஆர் மண்ணெண்ணெய் தாறது?"

என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. தேவை முடிந்தவுடன் நாங்கள் அந்தத் தேவையோடு சேர்த்து அந்தக் கைவேலையையும் தூக்கி எறிந்துவிட்டோம். 2010க்குப் பிறகு ஏ9 வீதி முழுக்க லீசிங் கடைகள். புது மோட்டார்சைக்கிள், மாதக் கட்டுக்காசு, கட்டாவிட்டால் வந்து இழுத்துக்கொண்டு போவார்கள். கராஜ் என்றால் பாகம் மாற்றும் இடம். பழுதானதைக் கழட்டு, பெட்டியில் வந்ததைப் பூட்டு. தன் மகன் மெக்கானிக் என்று சொல்ல வெட்கப்படுகிற தாய்தகப்பன், அதே மகன் கனடாவில் மெக்கானிக் என்றால் கலியாணப் பேச்சில் முதல் வரியாகச் சொல்லுவினம்.

இன்னொரு விசயம் இருக்கு, யாரும் எழுதாதது. அண்ணனுக்கு வெல்டிங் உதவிக்கு ஒரு ஆள் வருவார். அவர் ஒட்டின இடத்தைக் கையால் தடவிப் பார்த்தால் ஒட்டுத் தெரியாது. எங்க பழகினீங்கள் அண்ணை என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். வன்னியில் இப்படி எத்தனை பேர்! எந்த வருடம், யாரிடம், எங்கே என்று கேள்வி வருமென்று பயந்து, தங்கட கையில் இருக்கிற தொழிலுக்கு ஒரு வரலாறே சொல்ல முடியாதவர்கள். அமெரிக்காவில் போரில் பழகிய கை கொட்டிலுக்கு வந்ததும் அதற்கு ஒரு பத்திரிகையே வந்தது. 1948 ஜனவரியில் றொபேர்ட் பீற்றர்சன் 'ஹொட் றொட்' இதழைத் தொடங்கினார். அவர்கள் வென்றவர்கள், பெருமையாகச் சொன்னார்கள். எங்கட கை வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறது. சான்றிதழ் இல்லை, அதனால் நாள்கூலி. அவர் சாகும்போது அந்த வேலையும் சாகும்.

இந்த இடத்தில் சிலர் கண்ணீரோடு வருவார்கள். 'தடைக் காலத்தில் எங்கட ஆக்கள் எவ்வளவு கெட்டிக்காரர்' என்று வெளிநாட்டில் இருந்து முகநூலில் எழுதுகிறவர்கள். சைக்கிள் டைனமோ சுத்தி றேடியோ கேட்ட கதை, சிக்கன விளக்குக் கதை. எனக்கு அந்தக் கதைகள் பிடிக்கும். ஆனால் அதே அண்ணைமார் ஊருக்கு வந்தால் கேட்பது, கலியாணத்துக்கு ஓட ஒரு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரியே, ஒரு ஆணி மாறாமல். "பழசைக் கெடுக்காதை தம்பி" என்று அண்ணனுக்குப் புத்தி வேறு. எந்தப் பழசு? வடக்கில் ஓடின எந்தக் காரிலாவது ஒரிஜினல் என்று ஏதாவது மிஞ்சியிருக்கா? ஜப்பான் டீசல் இஞ்சின் ஏற்றின மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும் லொறிக் கண்ணாடி பூட்டின மைனரும்தான் எங்கட ஒரிஜினல். ஒட்டுப்போட்டு ஓடினதுதான் அந்தக் காரின் வரலாறு என்றால், ஒட்டுத் தெரியாமல் பெயின்ற் அடிப்பதுதான் கெடுப்பது.

(கேம்பிரிட்ஜை வெட்டச் சொல்லி நான் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். அதில் பொடியும் சேசிஸும் ஒன்றாகச் சேர்ந்தது. பொடியைக் கழட்டினால் கார் இல்லை. சமர்செற் 1952 முதல் 1954 வரை வந்தது, அதற்குத் தனிச் சேசிஸ். பொடியைத் தூக்கி வைத்துவிட்டு வேறொன்று கட்டலாம். அண்ணனுக்குக் கிடைத்ததோ பொடி கறள்தின்று போனது. பளையில் கடற்காத்து, தகரம் எத்தனை நாளைக்கு நிக்கும்.)

சரி, சட்டம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. புத்தகத்தில் சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர், நிறம். இவற்றில் ஒன்றை மாற்றினாலும் திணைக்களத்துக்குச் சொல்ல வேணும். நியாயம்தான், களவு வாகனம் பிடிக்க வேண்டாமா. ஆனால் ஒருத்தன் வீட்டில் கட்டின வாகனத்தைக் கொண்டுவந்து, "இந்தா பாருங்கோ, பிரேக் பிடிக்குதா, ஸ்ரியறிங் ஆடுதா, லைற் எரியுதா, சோதிச்சு நம்பர் தாங்கோ" என்று கேட்க ஒரு தெளிவான வழி எங்கே? 2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்ற பெயரில் பொலிஸார் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் மேலதிகமாகப் பூட்டினதுகளைக் கழட்டச் சொல்லி இறங்கினார்கள். கண்ணைக் குத்தும் லைற்றும், வெளியே நீட்டின கம்பியும் கழட்டப்பட வேண்டியவைதான். ஆனால் 'மாற்றம்' என்ற சொல்லே குற்றம் மாதிரிக் காதில் விழத் தொடங்கினால் அது வேறு கதை.

பிரித்தானியாவில் வீட்டில் கட்டின காரை ஒற்றை வாகனச் சோதனைக்குக் கொண்டுபோகலாம். தேறினால் நம்பர், தேறாவிட்டால் திருத்திக்கொண்டு வா. அமெரிக்காவிலும் முதலில் பொலிஸ் துரத்தியது. தெருவில் ஓட்டப்போட்டி வைத்து ஆக்கள் செத்ததும் உண்மை. 1951இல் வொலி பார்க்ஸ் ஒரு தேசியச் சங்கம் தொடங்கி, வண்டிகளைச் சோதிக்க விதியும், ஓட ஒதுக்கிய பாதையும் கொண்டுவந்தார். தடை போட்டு அல்ல, பரிசோதித்து அதை ஒழுங்காக்கினார்கள். கொட்டிலில் ஒட்டின சேசிஸ் ஏ9இல் உடைந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். அதனால்தான் சோதனை கேட்கிறோம்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. நடுவில் 2022. கொழும்பில் கிலோமீற்றர் கணக்கில் பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் அட்டை. தெற்கு முதன்முறையாகத் தடைக் காலத்தைச் சாடையாக ருசி பார்த்தது. எங்கட கராஜ்காரரிடம் யாராவது வந்து கேட்டார்களா? நாங்களாவது கேட்டோமா? அந்த நேரம் பெரியப்பா இல்லை. அவர் ஒரு கடதாசியில் எதையும் எழுதி வைக்கவும் இல்லை. போத்தலுக்கும் கார்பரேற்றருக்கும் நடுவில் அவர் வைத்த சின்னத் திருகு எந்த அளவு என்று அண்ணனுக்கே தெரியாது.

ஆகவே, கொழும்பு மச்சான், உன் கேள்விக்கு வருகிறேன். வீடு கட்டக் காசில்லாத சனம் இருக்கு, உண்மை. அந்தச் சனம்தான் ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து, ட்றோன் விட்டுப் படம் பிடிக்குது. அப்ப நீ ஒண்டும் எழுதேல்லை. ஒரு மனிசன் தன் கையால, தன் காசால, கிடந்த இரும்பில ஒரு காரைக் கட்டினால் மட்டும் உனக்குப் பட்டினி ஞாபகம் வருது. ஏழைக்குத் தேவை மட்டும் இருக்கலாம், ஆசை இருக்கக்கூடாது எண்டு யார் சொன்னது? தடைக்காரனும் அதைத்தான் சொன்னான். உயிர் பிழைக்கிற அளவுக்கு மண்ணெண்ணெய், அதுக்கு மேல ஒரு சொட்டும் இல்லை.

கொட்டிலைச் சுற்றி இப்போது பின்னேரத்தில் நாலைந்து பள்ளிக்கூடப் பெடியள் நிற்கிறாங்கள். ஒரு பெட்டையும் வாறவள், ஓஎல் எடுத்துவிட்டு இருக்கிறவள். பின் அச்சின் பல்லுக்கணக்கை அவள்தான் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறாள். வெல்டிங்கார அண்ணை அவர்களுக்கு மட்டும், கேட்காமலே, எந்தக் கம்பிக்கு எவ்வளவு கரண்ட் வைக்கிறது என்று சொல்லிக்கொடுக்கிறார். அந்தக் கொப்பியில் அதுவும் இருக்கிறது.

போன கிழமையும் இரும்புக்காரர் வந்தவர். விலையைக் கூட்டிச் சொன்னார். அண்ணன் சேசிஸுக்குக் கீழே படுத்தபடியே, "உங்கட யாட்டில மொறிஸ் ஸ்ரியறிங் பொக்ஸ் ஒண்டு கிடக்குமோ, தேஞ்சிருந்தாலும் பரவாயில்லை" என்று கேட்டார். கிடக்கு எண்டு சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேணும்.