தேவ்னார் குப்பைமேடு குடியிருப்பு நிலமா?

கிங்ஸ் சர்க்கிளில் இருந்து நடந்தே எட்டிவிடும் தாராவியில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களது உழைப்பால் உயர்ந்த நிலமதிப்பை, மறுசீரமைப்புத் திட்டத்தில் 80 சதவீதப் பங்கு வைத்துள்ள அதானி குழுமம் அள்ளிச்செல்லப் போகிறது. அங்கே வீடு பெறத் ‘தகுதியற்றோர்’ என ஒதுக்கப்படுவோருக்காக, தேவ்னார் குப்பைக்கிடங்கின் 124 ஏக்கரை மகாராஷ்டிர அரசு 2024இல் ஒதுக்கியது.

1927 முதல் மும்பையின் கழிவைச் சுமக்கும் மண் அது. அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் எழுகிறது. மழைநீரோடு நச்சுக்கசிவு நிலத்துள் இறங்குகிறது. மூடப்பட்ட கிடங்கை 15 ஆண்டுகளேனும் கண்காணிக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். நிலத்தை ஒதுக்கியபோது தேவ்னார் மூடப்படவே இல்லை!

மாசடைந்த நிலங்களை மீட்பதற்கென ஒன்றிய அரசு 2025 ஜூலையில் விதிகளை அறிவித்தது. ஆனால், குப்பைக்கிடங்குத் திடக்கழிவால் நேரும் மாசு, பொதுவாக அவற்றின் வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளது. தனிச்சட்டம் இருக்கிறதாம். அந்தச் சட்டம் தேவ்னாரில் எதைத் தடுத்தது?

குப்பையை அகற்ற மாநகராட்சி 2,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. செலவு மக்களுக்கு, லாபம் அதானிக்கு, நஞ்சு ஏழைகளுக்கு என்பதே இவர்களின் வளர்ச்சிக் கணக்கு.

தேவ்னார் ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டும். மண், நிலத்தடி நீர்ப் பரிசோதனை முடிவுகளை மக்களின் மொழிகளில் வெளியிட வேண்டும். விதிகளில் உள்ள விலக்கை நீக்க வேண்டும். தாராவி மக்கள் அனைவருக்கும் தாராவியிலேயே வீடு வழங்க வேண்டும். மாட்டுங்கா முதல் செம்பூர் வரை இக்கோரிக்கைகளை வீடுவீடாகக் கொண்டுசெல்வது கட்சி உறுப்பினர்களின் உடனடிக் கடமை.