மென்பொருள் இலவசம், மெஷின்? தரவுக் கிடங்கை மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு

உதவித்தொகை உரியவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கில் 2024 ஜனவரி 2-ஆம் தேதி 'பாடு' தரவுத்தளம் அறிமுகமானது. பந்திங்கில் இருக்கும் ஒரு குடும்பத்திற்குக்கூட இத்தகைய தரவுகள் முக்கியம். அரசுத் துறைகளுக்கான ஓப்பன் சோர்ஸ் பெருந்திட்டத்தையோ மாம்பு 2004-இலேயே தொடங்கிவிட்டது.

ஒரு பெரிய தரவுக் கிடங்கைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாற்றினால் உரிமக் கட்டணம் மிச்சம். அதோட செலவு முடிஞ்சதா? இல்லை.

இடம் எவ்வளவு?
பழைய அமைப்பு தரவைச் சுருக்கி 2 டெராபைட்டில் வைத்திருக்கலாம். போஸ்ட்கிரெஸ் சாதாரண அட்டவணைகளை அப்படிச் சுருக்காது. இரு மடங்காக விரிந்தால் 4 டெராபைட். இண்டெக்ஸ், தற்காலிகக் கோப்புகள், பேக்கப் எல்லாம் தனி.

எந்த டிஸ்க்?
விநாடிக்கு 500 மெகாபைட் வேகத்தில் அந்த 4 டெராபைட்டை முழுசா படிக்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 3 ஜிகாபைட் வேகத்தில் சுமார் 22 நிமிடம் போதும்.

எத்தனை கோர்?
வணிகத் தரவுத்தளங்கள் பலவற்றில் கோர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம். அதனால் கோரைக் குறைத்து வாங்குவது வழக்கம். இங்கே அந்தக் கவலை இல்லை. 2016-இல் வந்த 9.6 பதிப்பு முதல் ஒரே வினவலைப் பல கோர்கள் பகிர்ந்துகொள்ளும். ஆனால் டிஸ்க் மெதுவாக இருந்தால் கோர்கள் சும்மா காத்திருக்கும்.

அப்போ என்ன செய்யலாம்?
கிளவுடில் ஒரு மெஷினை வாடகைக்கு எடுங்கள். உண்மைத் தரவின் ஒரு பகுதியை அடையாளங்களை நீக்கி ஏற்றி, ஆக கனமான அறிக்கையை ஓட்டிப் பாருங்கள். பிறகு வாங்குங்கள். மிச்சமாகும் உரிமப் பணத்தில் ஒரு பங்கை டிஸ்க்கிற்கும் ஊழியர் பயிற்சிக்கும் ஒதுக்காவிட்டால், அறிக்கை தாமதமாகும். அதை நம்பியிருக்கும் உதவியும் தாமதமாகும்.