"ஓதவாவது செய்யட்டும்" என்கிறீர்களே!



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த மறுவாரமே மதரஸா வாசலில் தந்தையர் வந்து நிற்பார்கள். பையன் தலைகவிழ்ந்து நிற்பான். "ஹஜ்ரத், கணக்கில் பெயிலாகிவிட்டான். படிப்பு ஏறவில்லை. ஓதவாவது செய்யட்டும்." ஆண்டுதோறும் இதே சொற்களைக் கேட்டு வருகிறேன். சொல்பவர்கள் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆயினும் "ஆவது" என்ற அந்த மூன்றெழுத்து, மார்க்கக் கல்வியையும் இழிவுபடுத்துகிறது, அந்தப் பிள்ளையையும் இழிவுபடுத்துகிறது.

அன்புச் சகோதரர்களே, சற்றுச் சிந்தியுங்கள். நன்றாகப் படிக்கும் மூத்தவனைப் பொறியியலுக்கு அனுப்புகிறீர்கள். எதற்கும் ஆகமாட்டான் என்று நீங்களே முடிவுகட்டிய இளையவனை அல்லாஹ்வின் வேதத்திற்கு ஒதுக்குகிறீர்கள். நாளை அவன் மிம்பரில் ஏறும்போது, "இந்த ஆலிம்களுக்கு உலகம் தெரியவில்லை" என்று முதல் வரிசையில் அமர்ந்து குறைசொல்லப் போகிறவர்களும் நீங்கள்தாம்.

கணக்கு வராதவனுக்கு ஓதுவது எளிது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? பாகப்பிரிவினைச் சட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவர் மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு இறக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று. மகள்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று. சொத்தை 24 பங்காக்கினால் 3, 16, 4, 4 என்று வரும். கூட்டிப் பாருங்கள், 27 ஆகிறது. இருப்பதோ 24. அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றவாறே இதற்கு விடை கூறினார்கள். அதனாலேயே இதற்கு 'மிம்பரிய்யா' என்று பெயர். சொத்தை 27 பங்காகவே பிரிக்க வேண்டும். மனைவியின் எட்டில் ஒன்று அப்போது ஒன்பதில் ஒன்றாகிவிடும். பின்னங்களைக் கூட்டத் தெரியாத மாணவனுக்கு இதை எப்படிக் கற்பிப்பது? அல்ஜீப்ரா என்ற சொல்லைத் தந்த அல்குவாரிஸ்மியின் நூலில் ஒரு பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளே. பள்ளிக்கூடத்தில் விட்டு ஓடிவந்த அதே கணக்கு, மதரஸாவில் அரபி உடையில் அவன் எதிரே வந்து நிற்கும்.

ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரத்தின்போது அவர்களுக்குப் பதினொரு வயது. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியபோது, பதினைந்து நாட்களுக்குள் அதில் தேர்ச்சி பெற்றார்கள். பாகப்பிரிவினைச் சட்டத்தில் சஹாபாக்களிடையே முதன்மை பெற்றவர்களும், குர்ஆனை ஒன்றுதிரட்டும் பொறுப்பை அபூபக்ர் (ரலி) அவர்களிடமிருந்து ஏற்றவர்களும் அவர்களே. அந்தச் சமுதாயம் தன் கூர்மையான இளைஞரைத் தீனுக்குக் கொடுத்தது.

"ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, மாமாவின் கடையில் நிறுத்திவிடலாம், பிறகு சவூதிக்கு அனுப்பலாம்" என்பார் இன்னொருவர். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர். வகையில் சேரும் என்பதும், சவூதி, குவைத், கத்தார் போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் தனி அனுமதி பெற வேண்டும் என்பதும் வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய அத்தாமார்களுக்குத் தெரியாததா? தாம் பட்ட பாட்டை மகனும் படட்டும் என்று விடுவதற்குத் தவக்குல் என்று பெயரில்லை. (பெண்பிள்ளைகளைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவர்கள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். தேறிய பிறகு அவர்களுக்கு நாம் இழைப்பது வேறோர் அநீதி.)

உண்மையில் அந்தப் பையனுக்கு நேர்ந்தது என்ன? ஒரு பாடத்தில் 35 மதிப்பெண் எடுக்கவில்லை. அவ்வளவே. முடிவு வந்த ஒன்றிரண்டு மாதங்களுக்குள் துணைத்தேர்வு நடக்கிறது. தேறினால் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். திட்டுவதை நிறுத்திவிட்டு, எங்கே அறுந்தது என்று அவனிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பாடத்தில் அறுந்திருக்காது. ஆறாம் வகுப்பின் பின்னத்திலும் வகுத்தலிலும் அறுந்திருக்கும். அங்கிருந்து ஒரு மாதம் ஒழுங்காகக் கற்பித்து, பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதச் செய்தால் 35 எட்டாத உயரமன்று. இரவு கைப்பேசி அவன் படுக்கையில் இருக்கக் கூடாது. உங்கள் படுக்கையிலும் இருக்கக் கூடாது. இஷாவுக்குப் பின் உறங்கி, பஜ்ருக்குப் பின் உள்ள தெளிந்த பொழுதில் படிக்கட்டும். பேனாவில் ஓதி ஊதித் தருமாறு என்னிடம் கேட்பவர்கள், அந்தப் பேனாவால் அவன் நாள்தோறும் எத்தனை பக்கம் எழுதுகிறான் என்பதையும் பார்க்க வேண்டும்.

மகன் ஆலிமாக வேண்டும் என்று மனதார விரும்பினால், அல்ஹம்துலில்லாஹ், கொண்டு வாருங்கள். பள்ளிப் படிப்பையும் சேர்த்துத் தரும் மதரஸாக்கள் இருக்கின்றன. மதரஸாவில் இருந்தபடியே தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளையும் எழுதலாம்.

என் சக உஸ்தாதுமார்களுக்கும் ஒரு சொல். எண்ணிக்கை குறைகிறதே என்று வருகிறவனையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை நாமும் விட வேண்டும். வாசலுக்கு வரும் தந்தையிடம் சேர்க்கைப் படிவத்தை நீட்டுமுன், துணைத்தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்றா என்று கேளுங்கள். இல்லையென்றால், பையனை அழைத்துக்கொண்டு முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுங்கள். இங்கே அவனுக்குரிய இடம் அவன் தேறி வரும்வரை இருக்கும்.