கொச்சைச் சொல் தாங்கும் பல்லவி

குடியானவன் பேச்சு கவிதையில் புகுந்தால் இலக்கணம் கெடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுடன் வாதாடாமல், இவ்வாரம் ஓர் ஆங்கிலப் பாட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்ஸெட் ஜில்லாவில் பிறந்தவர் வில்லியம் பார்ன்ஸ் (1801–1886). பல பாஷைகள் கற்ற பண்டிதர். ஆயினும் ஊரார் பேச்சிலேயே பாடினார். லிண்டன் லீ என்னும் புல்வெளித் தோட்டத்தைப் பற்றிய அவரது பாட்டு 1859-ம் வருஷத்துத் தொகுதியில் வந்தது.

செய்யுட்கள் மூன்று, ஒவ்வொன்றிலும் எட்டடி. முதல் நான்கடியில் இயைபு ஒன்றுவிட்டு ஒன்றாக வருகிறது. பின் நான்கும் ஜோடி ஜோடியாகச் சேர்கின்றன. முற்பாதி அசைந்து நடக்கிறது. பிற்பாதி தொழுவத்தை நெருங்கிய மாடுபோல் விரைகிறது. முடிவில், ஆப்பிள் மரம் தாழச் சாய்ந்து நிற்கும் பல்லவி.

அந்தக் கடைசி அடியில்தான் விசேஷம் இருக்கிறது. அதில் ஒலிக்கும் மெய்கள் மூன்றே. முற்பாதியில் அவை ட, ல, ன, ட, ன, ல என்று வருகின்றன; பிற்பாதியில் ன, ல, ன, ட, ன, ல. முதலெழுத்து நீங்கலாக வரிசை அப்படியே திரும்புகிறது! வெல்ஷ் கவிகளின் கங்ஹானெத் என்னும் ஒலியணி இது. பார்ன்ஸ் அம்மொழியையும் கற்றவர். நம் மோனை சீரின் முதலெழுத்தோடு நின்றுவிடும். இதுவோ அடி முழுவதையும் பின்னிவிடுகிறது.

வரிசையைத் தொடங்கும் டகரம் எங்கிருந்து வந்தது? 'டூ' என்னும் துணைவினையிலிருந்து. வழக்கமாய் நிகழும் செயலை டார்ஸெட்டார் அதை முன்வைத்தே சொல்வர். மரம் ஒருமையாதலால் ஏட்டு ஆங்கிலத்தில் இது பிழை. 'டஸ்' என்று திருத்தினாலோ, அயல் மெய் ஒன்று நுழைந்து பின்னல் அறுந்துவிடும். துணைவினையையே நீக்கினால் ஓர் அசை குறைந்து சந்தம் நொண்டும். சிவப்பு மைக்கு இரையாகும் சொல்லே பல்லவியைத் தாங்குகிறது. (பார்ன்ஸும் பள்ளி ஆசிரியராயிருந்தவரே என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.)

பல்லவி திரும்ப வருவதிலும் ஒரு நுட்பம் உண்டு. முதலிரு செய்யுட்களில் மரம் அங்கே நிற்கிறது, அவ்வளவே. மூன்றாவதிலோ, பட்டணத்தில் பொருள் சேர்ப்போர் சேர்க்கட்டும் என்று விட்டுவிட்டு, கவி வீட்டுப் பாதையை நினைக்கிறார். பல்லவியின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு சொற்களே மாறுகின்றன. ஆனால் மரம் நின்ற இடம் இப்போது அவர் போய்ச் சேரும் இடமாகிவிடுகிறது. ஊரை விட்டு உத்தியோகத்துக்கு வந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

1901-ல் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் இப்பாட்டுக்கு இசையமைத்தார். பல சொற்கள் அப்போது பொது ஆங்கில உருவம் பெற்றன. அந்த 'டூ' மட்டும் பல்லவியில் இருந்த இடத்திலேயே இருந்தது.